ஆறு மெலியும்போது ஊர் நிறைகிறது: செர்மாட் கழிவுநீர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1963-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போனவர்களில் பலர் நல்ல உடம்போடுதான் வீடு திரும்பினார்கள். டைபாய்டு கிருமி வயிற்றுக்குள் போன அன்றே காய்ச்சல் வருவதில்லை. ஒன்று முதல் மூன்று வாரம் உள்ளே தங்கி, பிறகுதான் தலைகாட்டும். அதற்குள் விடுமுறை முடிந்திருக்கும், பெட்டி படுக்கையோடு அவரவர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதனால் ஒரே ஊரில் பிடித்த நோய் பல நாடுகளில் தனித்தனிக் காய்ச்சலாக வெளிப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான இடம் எது என்று தேடியபோது மாட்டர்ஹார்ன் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஊர் அகப்பட்டது. மொத்தம் 437 பேருக்கு நோய், 3 பேர் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் பருவம் பாதியிலேயே நின்று, ஊர் வெறிச்சோடியது.

காரணம் எளியது. ஊரின் குடிநீரில் மனிதக் கழிவு கலந்திருந்தது.

நீலமும் வெள்ளையுமாக அஞ்சலட்டையில் வரும் ஆல்ப்ஸ் மலையில் இது நடந்தது என்பதுதான் பலரால் நம்ப முடியாததாக இருந்தது. எனக்கு அது வியப்பாக இல்லை. கழிவுநீர்த் தொழிலில் இருப்பவர்கள் ஒரு மலை ஊரைப் பார்த்தால் சிகரத்தைப் பார்க்கமாட்டோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நடுவில் என்ன இருக்கிறது என்றுதான் கண் போகும். செர்மாட்டில் அன்றைக்கு நடுவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை. ஆறு அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

நம்பிக்கை எங்கே பொய்த்தது

செர்மாட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கிறது. ரயில் 1891-இல் வந்தது. அதுவும் முதலில் கோடையில் மட்டும்தான் ஓடியது. குளிர்காலம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் காலம். பனிச்சறுக்கு வந்த பிறகு எல்லாம் தலைகீழானது. 1950-இல் ஊரின் நிரந்தரக் குடிகள் 2,000 பேர்கூட இல்லை. ஆனால் பருவத்தில் தங்க வருவோர் அதைப்போல் பல மடங்கு. அதே காலத்தில்தான் கிராண்ட் டிக்சென்ஸ் நீர்மின் திட்டம் எழுந்தது. 285 மீட்டர் உயர அணை, மலைகளைக் குடைந்து சுமார் 100 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய், செர்மாட்டுக்கு மேலே ஸ்முட் என்ற இடத்தில் நீரேற்று நிலையம். அதற்காக வந்த தொழிலாளர்களும் அந்தப் பள்ளத்தாக்கில் தங்கினார்கள். ஊர் வளர்ந்த வேகத்துக்குக் குழாய்கள் வளரவில்லை.

இந்த ஊரின் கழிவுநீரைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். பனியாற்றிலிருந்து பிறக்கும் ஓடைகளுக்கு வெள்ளம் கோடையில்தான். ஜூலை, ஆகஸ்டில் பனிக்கட்டி உருகி, பாறைத்தூள் கலந்து, சுண்ணாம்பு கரைத்ததுபோல் பாய்ந்து வரும். குளிர்காலத்தில் மேலே எல்லாம் உறைந்து கிடப்பதால் ஆறு சிற்றோடையாகச் சுருங்கிவிடும். மீதி இருப்பதிலும் ஒரு பங்கு மின்திட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. அப்படி ஆறு மிக மெலிந்திருக்கும் கிறிஸ்துமஸ், பிப்ரவரி வாரங்களில்தான் ஊரில் கட்டில் கிடைக்காத கூட்டம். அதே வாரங்களில்தான் தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் மிக மந்தமாக இருக்கும்.

மக்கள் அதிகம், ஆறு குறைவு, நுண்ணுயிர் சோம்பல் என்று மூன்றும் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. சமவெளி ஊர்களில் சராசரியைக் கணக்கிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிவிடலாம். ஆல்ப்ஸ் ஊரில் சராசரி என்ற எண்ணுக்கே பொருளில்லை. அந்த ஒரு வாரத்துக்குத்தான் கட்ட வேண்டும். மற்ற ஐம்பத்தொரு வாரமும் அந்தப் பெரிய தொட்டிகளைப் பட்டினி போடாமல் காப்பாற்ற வேண்டும். இதில் இரண்டாவதுதான் கடினம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டமும் ஏரியும்

சுவிட்சர்லாந்து நீர்ப் பாதுகாப்பை அரசியலமைப்பில் எழுதியது 1953-இல். சட்டம் 1955-இல் வந்தது. ஆனால் பல்லில்லாத சட்டம். 1965-இல்கூட நாட்டு மக்களில் 14 விழுக்காட்டினரின் கழிவுநீர்தான் மையச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. 1971-இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். வீடுகளை இணைப்பது கட்டாயமாயிற்று. கட்டுவதற்கு மத்திய அரசு பணமும் கொடுத்தது. இன்று 97 விழுக்காட்டுக்கு மேல். செர்மாட்டில் இறந்த மூன்று பேரால்தான் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆறு அழுக்காவது கீழே இருக்கும் தொழில் நகரங்களின் சிக்கல், மலை ஊருக்குச் சுத்திகரிப்பு தேவையில்லை என்ற வாதம் 1963-க்குப் பிறகு யார் வாயிலும் வலுவாக நிற்கவில்லை.

இன்னொரு காரணம் கீழே இருந்தது. செர்மாட்டில் கழுவி ஊற்றுவது மாட்டர் விஸ்பா ஆற்றில் இறங்கி, ஸ்டால்டனில் இன்னொரு கிளையோடு சேர்ந்து, விஸ்ப் நகரில் ரோன் ஆற்றில் கலந்து, கடைசியில் ஜெனீவா ஏரிக்குப் போய்ச் சேரும். அந்த ஏரியில், பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போனது. 1979 வாக்கில் லிட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராம். பாசி படர்ந்து அடியில் ஆக்சிஜன் வற்றத் தொடங்கியது. ஏரியைக் காக்கப் பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து கூட்டு ஆணையம் அமைத்ததும் அதே 1963-இல்தான். சலவைத்தூளில் பாஸ்பேட்டைச் சுவிட்சர்லாந்து 1986-இல் தடைசெய்தது. ஏரிக்கு நீர் தரும் பகுதி நிலையங்களுக்கு வெளியேறும் நீரில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்ற வரம்பு வந்தது. இன்று ஏரியில் 20 மைக்ரோகிராமுக்குக் கீழே. மலை உச்சியில் ஒரு ஹோட்டலின் துணி துவைக்கும் இயந்திரமும் கீழே ஒரு மீனவரின் வலையும் ஒரே குழாயின் இரு முனைகள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

குளிர் என்ன செய்கிறது

நம்மூரில் எஸ்டிபி என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துபவர்களுக்குக் கழிவுநீரின் வெப்பநிலை ஒரு கவலையே இல்லை. 28, 30 டிகிரியில் வந்து விழும். நுண்ணுயிர்கள் பாயாசத்தைக் கண்ட பிள்ளைகள் மாதிரி பாய்ந்து தின்னும். ஆல்ப்ஸ் ஊரில் குளிர்காலத்தில் 8, 10 டிகிரி. கரிமப் பொருளைத் தின்னும் பொதுவான பாக்டீரியாக்கள் அதையும் ஒருவாறு சமாளித்துவிடும். தவிப்பது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் சிறு கூட்டம்தான். அவை பிறப்பிலேயே மெதுவாக வளர்பவை. குளிரில் இன்னும் மெதுவாகிவிடும். அவை பெருகும் வேகத்தைவிட நாம் கசடை, அதாவது நுண்ணுயிர்கள் திரண்ட சேற்றை, வேகமாக வெளியேற்றினால் கூட்டமே கழுவிக்கொண்டு போய்விடும்.

இதற்குத்தான் கசடின் வயது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு துகள் கசடு தொட்டிக்குள் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் அது. ஜெர்மன் வடிவமைப்பு விதிப்படி 10 டிகிரியில் அம்மோனியாவை நம்பிக்கையோடு நீக்கக் காற்றூட்டும் தொட்டியில் 8 முதல் 10 நாள் வேண்டும். சிறிய நிலையமென்றால் 10. அதே பாதுகாப்பு அளவோடு 25 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் இரண்டு, மூன்று நாள் போதும். ஆக, ஒரே அளவு கழிவுக்கு அங்கே மூன்று, நான்கு மடங்கு வயதான கசடைச் சுமக்க வேண்டும். அதற்கேற்பத் தொட்டியும் பெரிதாக வேண்டும். செர்மாட் மாதிரி, ஒரு மாட்டுக்கொட்டகை கட்டக்கூடச் சமதளம் தேட வேண்டிய ஊரில் அந்தத் தொட்டியை எங்கே வைப்பது?

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையுமே, அது லாபம்தானே என்று கேட்கலாம். கரையும்தான். ஆனால் 1,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. குளிர் கொடுத்த லாபத்தில் ஒரு பகுதியை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயர்களும் அதே அளவு ஆக்சிஜனைத் தர அதிகக் காற்றை இழுக்க வேண்டும்.

சுவிஸ் விதியில் இங்கே ஓர் இடம் இருக்கிறது. வெளியேறும் நீரில் அம்மோனியம் நைட்ரஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பு, கழிவுநீர் 10 டிகிரிக்கு மேல் இருக்கும்போதுதான் பொருந்தும். நுண்ணுயிரால் முடியாததைச் சட்டம் கேட்கக் கூடாது என்பது அதன் நியாயம். பொறியாளராக எனக்கு அது புரிகிறது. ஆனால் ஆறு மிக மெலிந்திருக்கும் நாள்களும் அந்த 10 டிகிரிக்குக் கீழே உள்ள நாள்களும் பெரும்பாலும் ஒன்றே. கலந்து நீர்த்துப்போகத் தண்ணீர் இல்லாத வேளையில்தான் சலுகை கிடைக்கிறது. குளிர்ந்த நீரில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை குறைவு என்பது உண்மை. ஆனாலும் மலை ஊர் ஒன்று அந்தச் சலுகையை வடிவமைப்பின் அடிப்படையாக எடுத்துக்கொள்வது தவறு என்றுதான் நினைக்கிறேன். ஆற்றில் மீன் இருக்கிறது, பூச்சிகளின் குஞ்சுகள் இருக்கின்றன. அவற்றுக்கு விதிப்புத்தகம் தெரியாது.

நவம்பர் பட்டினி, டிசம்பர் விருந்து

இனி முன்னே சொன்ன கடினமான பகுதி. நவம்பரில் செர்மாட் மாதிரியான ஊர் ஏறத்தாழக் காலியாக இருக்கும். கோடை விருந்தினர் போயாயிற்று, குளிர்கால விருந்தினர் வரவில்லை. பல ஹோட்டல்கள் கதவைச் சாத்தி வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும். நிலையத்துக்கு வரும் உணவு சொற்பம். நுண்ணுயிர்கள் தங்களையே தின்று இளைக்கும். பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரே வாரத்தில் சுமை பல மடங்காகப் பாய்கிறது. தின்பதற்கு ஆளில்லை. இருக்கும் கொஞ்சம் பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் தேவையான அளவு பெருகி முடிப்பதற்குள் புத்தாண்டே முடிந்துவிடும்.

அதனால் அங்கே நல்ல ஆபரேட்டரின் ஆண்டு நவம்பரில்தான் தொடங்குகிறது. கசடை வெளியேற்றுவதை நிறுத்தி, இருப்பதைச் சேர்த்து வைப்பார். தொட்டிகள் இரண்டு, மூன்று வரிசையாக இருந்தால் ஒன்றை மட்டும் ஓட்டி, மற்றதைத் தூங்கவிடாமல் அவ்வப்போது காற்று கொடுப்பார். கசடு செரிக்கும் தொட்டியிலிருந்து பிழிந்தெடுத்த நீரில் அம்மோனியா நிறைய இருக்கும். அதைச் சேமித்து வைத்திருந்து, பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் சிறிது சிறிதாக ஊட்டுவார். விருந்துக்கு முன் வயிற்றைப் பழக்குவது போலத்தான்.

கூட்டம் வந்த பிறகு நாளுக்கும் ஒரு தாளம் உண்டு. பனிச்சறுக்கு முடிந்து மாலை 4 மணிக்குமேல் எல்லோரும் ஒரே நேரத்தில் அறைக்குத் திரும்பி வெந்நீரில் குளிப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் சல்லடை அறையில் நின்றால் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சனிக்கிழமை அறை மாற்றும் நாள். படுக்கை விரிப்பும் துவாலையும் மலையாகக் குவிந்து சலவைக்குப் போகும். ராத்திரி உணவகங்களிலிருந்து பாலாடைக்கட்டிக் கொழுப்பு வரும். உருக்கிய சீஸ் குளிர்ந்த குழாயைத் தொட்டதும் மெழுகாக உறைந்துவிடும். ஹோட்டலில் கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் அதன் விலையைக் கீழே இருப்பவர் கொடுக்க வேண்டும்.

அந்த விலை எப்படி இருக்கும் என்பதைக் காட்ட ஒரு லிட்டர் அளவுக் குவளை போதும். எங்கள் தொழிலில் தினமும் காலையில் செய்யும் சோதனை அது. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அசைக்காமல் 30 நிமிடம் வைக்க வேண்டும். நல்ல கசடு காப்பி டிகாக்ஷன் வண்டல் மாதிரி அமைதியாக இறங்கி, 200, 250 மில்லி கோட்டில் உட்காரும். மேலே தெளிந்த நீர் நிற்கும். குளிரும் கொழுப்பும் சேர்ந்த நிலையத்தில் பிப்ரவரி மாதக் குவளை வேறு மாதிரி இருக்கும். அரை மணி நேரம் கழித்தும் 800 கோட்டிலேயே பஞ்சு மாதிரி நிற்கும். மேலே பழுப்பு நிறத்தில், விரலால் தொட்டால் ஒட்டும் நுரை. நுண்ணோக்கியில் வைத்தால் நூல்நூலாகச் சுருண்டு கிடக்கும் ஒரு பாக்டீரியா தெரியும். மைக்ரோத்ரிக்ஸ் என்று பெயர். கொழுப்பை விரும்பும், குளிரைத் தாங்கும், கசடைப் படியவிடாது. குளிர்கால ஐரோப்பிய நிலையங்களின் பழைய பகைவன். படியாத கசடு, அதைப் படியவைத்து நீரைத் தெளியவிடும் தெளிவுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விடும். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த நுண்ணுயிரெல்லாம் ஒரே மாலையில் வழிந்தோடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

மலைக்குள்ளே

செர்மாட் எடுத்த முடிவு இரண்டு. நிலையத்தை மலையைக் குடைந்து குகைக்குள் வைத்தார்கள். பிறகு, படியவைத்துத் தெளியவிடும் முறையை விட்டுவிட்டு மெம்ப்ரேன் என்னும் சவ்வு முறைக்கு மாறினார்கள்.

குகை என்றதும் வீண் ஆடம்பரம் என்று தோன்றலாம். இடம் இல்லாத, இருக்கும் இடத்தின் விலை விண்ணைத் தொடும், பனிச்சரிவு வரும் பள்ளத்தாக்கில் அது கஞ்சத்தனமான தீர்வுதான். மேலே பனி விழுந்தாலும் உள்ளே பாறை உறையாது. திறந்தவெளித் தொட்டியாக இருந்திருந்தால் குளிர்காற்று அந்த 10 டிகிரி நீரை இன்னும் குளிர்வித்திருக்கும். துர்நாற்றம் விருந்தினர் மூக்குக்குப் போகாமல், காற்றை ஒரே வழியாக வெளியேற்றிச் சுத்தம் செய்யலாம். பதிலுக்கு உள்ளே ஈரமும் துருவும் ஓயாத சண்டை. காற்றோட்டம் நின்றால் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. குகையைப் பிற்பாடு நினைத்தபடி பெரிதாக்கவும் முடியாது. வெளியே என்றால் பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டலாம். உள்ளே பாறை கொடுத்த இடம்தான் இடம்.

மெம்ப்ரேனுக்கு அவசியம் வந்தது அங்கேதான். சாதாரண முறையில் ஒரு லிட்டருக்கு 3, 4 கிராம் கசடுக்கு மேல் வைத்தால் தெளிவுத் தொட்டி திணறிவிடும். மெம்ப்ரேன் முறையில் கசடு படிய வேண்டிய தேவையே இல்லை. நுண்துளைச் சவ்வின் வழியாக நீரை மட்டும் உறிஞ்சி எடுப்பதால் 8 முதல் 12 கிராம் வரை வைக்கலாம். அதே தொட்டிக்குள் மூன்று மடங்கு நுண்ணுயிர்ப் படை. குளிர் கேட்ட அந்த வயதான கசடை, பாறை கொடுத்த சிறிய இடத்துக்குள் அடக்குவதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மைக்ரோத்ரிக்ஸ் வந்தாலும் நுரை தொல்லை கொடுக்கும், ஆனால் ஆற்றுக்குள் கசடு போகாது.

இந்தச் சவ்வின் துளை 0.04 முதல் 0.4 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டைபாய்டு கிருமி ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமனும் 2 மைக்ரான் நீளமும் கொண்டது. சவ்வு கிழியாமல் இருக்கும்வரை அதனால் நுழைந்து வர முடியாது. 1963-ஐ மனதில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

விலையில்லாமல் இல்லை. சவ்வில் அழுக்கு ஒட்டாமலிருக்க அடியிலிருந்து ஓயாமல் காற்றுக் குமிழி விட வேண்டும். சாதாரண நிலையத்தைவிட மின்சாரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடலாம். தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளாமலிருக்க முன்னாலேயே மிகப் பொடிசான சல்லடை வேண்டும். அவ்வப்போது ரசாயனத்தால் கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சவ்வையே மாற்ற வேண்டும். குளிரின் கை இங்கும் நீள்கிறது. 10 டிகிரி நீருக்கு 20 டிகிரி நீரைவிடப் பாகுத்தன்மை 30 விழுக்காடு அதிகம், துளை வழியே அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கும். கூட்டம் அதிகமான நாளில்தான் சவ்வு மிகக் குறைவாக விடும். அந்த நாளுக்கேற்பப் பரப்பைக் கூட்டித்தான் வாங்க வேண்டும். மறுபடியும் அந்த ஒரு வாரம்.

கசடைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் கழிவுநீர்க் கசடை வயலில் உரமாகப் போடுவதை 2006-இல் நிறுத்திவிட்டார்கள். பிழிந்து, கொண்டுபோய் எரிக்க வேண்டும். செர்மாட்டுக்குப் பொதுமக்களின் கார்களே வர முடியாது. ஒவ்வொரு டன்னும் ஒரு ஏற்பாடு. அதனால் கசடிலிருந்து எவ்வளவு நீரைப் பிழிந்தெடுக்கிறோமோ அவ்வளவும் காசு.

இன்னும் மேலே ஒரு குடில்

செர்மாட் ஊராட்சியின் எல்லைக்குள்ளேயே, 2,883 மீட்டர் உயரத்தில் மான்டே ரோசா குடில் இருக்கிறது. சூரிக்கின் இ.டி.எச். பல்கலைக்கழகமும் சுவிஸ் ஆல்பைன் கழகமும் சேர்ந்து 2009-இல் திறந்த புதிய கட்டடம். 120 படுக்கை. சாக்கடைக் குழாய் அங்கே எட்டாது. கோடையில் உருகும் நீரைப் பாறைக்குள் குடைந்த தொட்டியில் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டும். கழிவுநீரை நுண்ணுயிரும் நுண்வடிகட்டியும் கொண்ட சிறு நிலையத்தில் சுத்தம் செய்து, அதையே கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் திருப்பி விடுகிறார்கள்.

பழைய குடில்களின் கதை வேறு. கழிவைக் குழியிலோ சரிவிலோ பனிப்பிளவிலோ விட்டுவிடுவது பல்லாண்டுப் பழக்கம். பனியாறு அதை விழுங்கிவிட்டது என்று நினைத்தார்கள். பனியாறு எதையும் விழுங்குவதில்லை. மெதுவாகக் கீழே தூக்கி வருகிறது, அவ்வளவுதான்.

புதிய குடிலிலும் ஊரில் கண்ட அதே பாடம் சிறிய அளவில் திரும்பியது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம் வந்தது. ஆள் கூடினால் கழிவுநீர் கூடும், சுத்திகரிக்க மின்சாரம் கூடும். அந்த உயரத்தில் சூரியத் தகடும் மின்கலமும் தருவது எல்லையுள்ள மின்சாரம். ஒரு மலையேறி கழிப்பறைச் சங்கிலியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கூரையில் விழுந்த வெயிலில் ஒரு பங்கு போகிறது. வறண்ட கழிப்பறையே போதும் என்று வாதிடுபவர்கள் பக்கம்தான் நான், குறைந்தது 2,500 மீட்டருக்கு மேலே. நீர் சேராத மலம் ஒரு வாளிச் சுமை. நீர் சேர்ந்துவிட்டால் அதற்கு ஒரு நிலையமே வேண்டும்.

மே மாதம், விடிகாலை மூன்று மணி

இத்தனை செய்தும் ஆல்ப்ஸ் ஊர்களில் தீராமல் நிற்கும் தொல்லை ஒன்று, நிலையத்துக்கு வெளியே இருக்கிறது. வசந்தத்தில் பனி உருகும்போது மண் நீரால் ஊறிப் போகிறது. பழைய குழாயின் ஒவ்வொரு இணைப்பும் ஒவ்வொரு விரிசலும் அந்த நீரை உள்ளே இழுக்கிறது. தெருவில் வழுக்காமலிருக்க குளிர்காலம் முழுக்கக் கொட்டிய பொடிக்கல்லும் அதோடு வந்து மணல் தொட்டியை நிரப்புகிறது. குழாய் உறையாமலிருக்க வீட்டில் திறந்துவிட்டிருந்த பைப்பை மறந்தவர்களும் உண்டு. இந்த நீரில் கழிவு கொஞ்சமும் இல்லை. ஆனால் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் சவ்வு அதையும் கடத்தத்தான் வேண்டும். 10 டிகிரியை எட்டிப் பிடித்திருந்த தொட்டி மறுபடி குளிர்ந்து, நவம்பரிலிருந்து பொத்திப் பொத்தி வளர்த்த கூட்டம் மறுபடி மந்தமாகிறது.

இதற்கு இன்னொரு சவ்வு வாங்குவதைவிடக் குழாயைத் தோண்டி மாற்றுவதுதான் சரி என்பது என் கருத்து. தோண்டும் வேலையை யாரும் ரிப்பன் வெட்டித் திறந்துவைப்பதில்லை, அதனால் பணம் எளிதில் கிடைப்பதில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. ஊரே தூங்கும் விடிகாலை மூன்று மணிக்கு இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் மேன்ஹோல் மூடியைத் தூக்க, மற்றவர் கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்குவார். வீட்டிலிருந்து வரும் நீர் என்றால் அந்த நேரத்திலும் 12, 13 டிகிரி காட்டும், நூலாகத்தான் ஓடும். கைதடிமனுக்குப் பளபளவென்று ஓடி, 4 டிகிரி காட்டினால் அது உருகிய பனி. சுண்ணக்கட்டியால் மூடியில் ஒரு குறி போட்டுவிட்டு, மேட்டுப் பக்கத்திலிருக்கும் அடுத்த மூடிக்கு நடக்க வேண்டியதுதான். எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவே 4 டிகிரி 12 ஆகிறதோ, தோண்ட வேண்டிய இடம் அங்கே.